பூல் ஆட ஊர் விட்டு ஊர் போனால் கட்டுப்படியாகுமா?

டெக்சஸில் வேலை, வார இறுதியில் பூல் (மேசையில் குச்சியால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம்) என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் போன டோர்னமெண்டுக்கெல்லாம் வரவு செலவு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

டாலஸில் இருக்கிறேன் அண்ணா. ஹூஸ்டனில் ஒரு டோர்னமெண்ட். என்ட்ரி 60 டாலர், 64 பேர், ஆட்டம் நடத்தும் ஹால் தன் பங்காக 1,000 டாலர் சேர்க்கிறதாம். போகலாமா?

கணக்குப் போட்டுவிடுவோம் தம்பி. அந்த 60-ல் 10 டாலர் டேபிளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50 வீதம் 64 பேருக்கு 3,200. ஹால் தருவதையும் சேர்த்தால் 4,200. வழக்கம்போல 16 பேருக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட இப்படி வரும்: முதல் பரிசு 1,200, அடுத்து 800, 520, 360. ஐந்தாறாம் இடத்துக்கு ஆளுக்கு 220, ஏழெட்டுக்கு 140, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 90. கடைசி நால்வருக்கு 60, அதாவது கட்டிய காசு.

இப்போது உங்கள் செலவு. போக வர 480 மைல். பெட்ரோல் 50, ஒரு ராத்திரி ரூம் 110, சாப்பாடு 50, என்ட்ரி 60. மொத்தம் 270. ஐந்தாவதாக வந்தாலும் கையைக் கடிக்கும். நான்காவதாக வந்தால்தான் 90 டாலர் மிஞ்சும். கார் தேய்மானத்தையும் சேர்த்து வருமான வரித் துறை 2025-க்கு வைத்திருந்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். அதன்படி காருக்கே 336 டாலர். அப்படிப் பார்த்தால் மூன்றாம் பரிசு வாங்கியும் நஷ்டம்தான்!

நாலு பேர் ஒரே காரில் போய் ஒரே ரூமில் தங்கினால் தலைக்கு 150 டாலரில் முடியும். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் போகிறேன். குறட்டை விடுகிறவர் யார் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது எத்தனை மேட்ச் ஜெயித்தால் காசு வரும்?

64 பேர் டபுள் எலிமினேஷன் (இரண்டு தடவை தோற்றால்தான் வெளியேற்றம்) என்றால், தொடர்ந்து மூன்று ஜெயித்தால் போதும், மேலே சொன்ன 90 டாலர் நிச்சயம். முதல் மேட்சிலேயே தோற்றுவிட்டால் கீழ்ப் பக்கத்தில், அதாவது ஒரு தடவை தோற்றவர்கள் ஆடும் பக்கத்தில், வரிசையாக நாலு ஜெயிக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது வெறும் 60. இன்னொன்று: இரண்டே மேட்ச் ஆடி, இரண்டிலும் தோற்று வீடு திரும்புகிறவர்கள் சரியாக 16 பேர், கால்வாசிக் கூட்டம். அவர்களில் ஒருவர் நீங்களானால் ஒரு மேட்சுக்கு 135 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். அதே காசுக்கு ஒரு நல்ல கோச்சிடம் சில மணி நேரம் கற்றுக்கொள்ளலாம்.

என் ஃபார்கோ ரேட்டிங் (ஆட்டத் திறமையை அளக்கும் புள்ளி) 480. யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற ஓப்பன் டோர்னமெண்டில் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதினால்தானே ஆட்டம் வளரும்?

மோதலாம். ஆனால் விலை தெரிந்து மோதுங்கள். ஃபார்கோவில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் அவர் இரண்டு ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) எடுக்கும்போது நீங்கள் ஒன்று எடுப்பீர்கள். முதலில் ஏழு ரேக் எடுப்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில் 580-காரரை நீங்கள் ஜெயிப்பது பத்தில் ஒரு தடவை. 680-காரர் வந்தால் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. பெரும்பாலான நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 500-க்குக் கீழ், 550-க்குக் கீழ் என்று ரேட்டிங் வரம்பு வைத்து நடத்துகிறவற்றைத் தேடுங்கள். பரிசு சின்னது, ஆனால் வாய்ப்பு உண்டு.

நோட்டீஸில் போட்டிருக்கும் பரிசுத் தொகையை நம்பலாமா?

அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒருமுறை மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். 1,000 டாலர் சேர்ப்பதாகச் சொன்ன ஹால்காரர், ஆட்டம் தொடங்கியபிறகு, "64 பேர் வந்தால்தான் அது, 41 பேர்தானே வந்திருக்கிறீர்கள்" என்றார். நோட்டீஸை எடுத்துப் பார்த்தால் கீழே எறும்பு சைஸில் அச்சாகியிருந்தது. அன்றிலிருந்து முன்னாடியே போன் பண்ணி இரண்டு கேட்பேன்: ஆள் குறைந்தாலும் அந்தப் பணம் வருமா? டேபிள் ஏழடியா, ஒன்பதடியா?

கல்கட்டா என்று ராத்திரி ஏலம் விடுகிறார்களே, அதில் காசு பார்க்க முடியாதா?

பெயர் நம்ம ஊர்தான். பிரிட்டிஷ் காலத்துக் கல்கத்தா குதிரைப் பந்தயச் சீட்டிலிருந்து வந்தது. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏலம் விடுவார்கள். நீங்கள் எடுத்தவர் முன்னணியில் வந்தால் ஏலப் பணத்தில் உங்களுக்குப் பங்கு. சில இடங்களில் இந்த ஏலப் பணம் பரிசுப் பணத்தைவிடப் பெரிது. ஆனால் இது சூதாட்டம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. விசாவில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காவது கட்டுப்படியாகிறதா?

உச்சியில் இருப்பவர்களுக்கு, ஆமாம். 2024-ல் ஜெட்டாவில் நடந்த உலக பூல் சாம்பியன்ஷிப்பில் 128 பேர் ஆடினார்கள். மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். அதில் 2,50,000 ஒரே ஆளுக்கு, ஃபெடோர் கோர்ஸ்டுக்கு. மீதியை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு, விமானம், ஹோட்டல் என்று கழித்துப் பாருங்கள்.

அப்படியானால் டெர்பி சிட்டி பூல் டோர்னமெண்டுக்கு நீங்கள் ஏன் போகிறீர்கள்?

பிடித்துவிட்டீர்கள்! ஜனவரிக் குளிரில் இண்டியானாவில், லூயிவில் பக்கத்துக் கசினோவில், ஒன்பது நாள். அதை நான் பரிசுக் கணக்கில் எழுதுவதே இல்லை, திருவிழாச் செலவு. என்ட்ரி கட்டினால் நம்மைப் போன்றவர்களும் ஆடலாம், முதல் தடவை தோற்றால் பணம் கட்டித் திரும்ப நுழையலாம். போன தடவை ராத்திரி ஒரு மணிக்கு, குழி வாயில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்பதாம் பந்தைத் தவறவிட்டு வெளியேறினேன். பக்கத்து டேபிளில் இரண்டு பெரிய தலைகள் ஒன் பாக்கெட் (ஆளுக்கு ஒரே ஒரு குழி என்று ஆடும் வகை) ஆடிக்கொண்டிருந்தார்கள். விடியும்வரை நகரவில்லை.

விமானத்தில் க்யூவை (ஆடும் குச்சியை) கையில் எடுத்துப் போகலாமா?

கூடாது, செக்யூரிட்டியில் மறித்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். அந்தப் பெட்டிக் கட்டணத்தையும், போக ஒன்று வர ஒன்று என்று, செலவுக் கணக்கோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.