ஈரக்குப்பையில் ஓடும் பஸ்: நகராட்சிகளுக்கான கேள்வி பதில்

ஈரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளை வடிவமைப்பதும் ஓட்டுவதும் என் வேலை. கவுன்சிலர்கள், சுகாதார ஆய்வாளர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், மாணவர்கள் என்று பலரும் இதுபற்றிக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது, மன்னிக்கவும்.

கேள்வி (ஈரோடு, பொறியியல் மாணவர்): அக்கா, எங்கள் தாத்தா வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. நகராட்சிகள் இப்போது பேசும் சி.பி.ஜி.யும் (அழுத்தி அடைத்த உயிரி எரிவாயு) அதுவும் ஒன்றுதானா?

முதல் பாதி ஒன்றுதான். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. மாட்டின் வயிற்றில் இருக்கும் அதே வகை உயிர்கள்தான், அதனால்தான் புது ஆலையைத் தொடங்கும்போது முதலில் லாரி லாரியாகச் சாணம் ஊற்றுகிறோம். வருகிற வாயுவில் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் நீராவி, மிகக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அடுப்புக்கு இது போதும்.

பஸ்ஸுக்குப் போதாது. கார்பன் டை ஆக்சைடு எரியாமல் சிலிண்டரில் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரிக்கும். அதனால் சுத்தம் செய்கிறோம். வாயுவை அழுத்தத்தில் தண்ணீரோடு கலந்தால் கார்பன் டை ஆக்சைடு கரைந்துவிடும், மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. இது ஒரு வழி. சவ்வு வழியாகப் பிரிப்பது, கரித்துகள் நிரப்பிய கலன்களில் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிப்பது என்று வேறு வழிகளும் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 16087 குறைந்தது 90 சதவீதம் மீத்தேன் கேட்கிறது. அதன்பின் 200 பார் அழுத்தத்துக்கு மேல் அடைத்தால் அது சி.பி.ஜி. பூமியிலிருந்து வரும் சி.என்.ஜி. போடும் எந்த வண்டியிலும் போடலாம். இப்படிச் சுத்தம் செய்த வாயுவை அமெரிக்கா, கனடாவில் ஆர்.என்.ஜி. (புதுப்பிக்கத்தக்க இயற்கை எரிவாயு) என்கிறார்கள்.

கேள்வி (மேற்கு மாவட்ட நகராட்சி ஒன்றின் கவுன்சிலர்): மேடம், எங்கள் மன்றத்தில் ஒரு நிறுவனம் வந்து "இந்தூர் மாதிரியே செய்து தருகிறோம்" என்று படம் போட்டுக் காட்டியது. இந்தூரில் அப்படி என்னதான் இருக்கிறது?

எல்லா நிறுவனமும் இந்தூர் படம்தான் போடுகிறது. படத்தில் வராத பகுதியைச் சொல்கிறேன்.

தேவ்குராடியா என்ற இடத்தில் ஆலை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். ஒரு நாளைக்கு 550 டன் ஈரக்கழிவு என்ற அளவில் கட்டியது. 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் கிடைக்கும் என்பது திட்டம். முதலீடு 150 கோடி ரூபாய், முழுவதும் தனியார் போட்டது. எரிவாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே வாங்கி நகரப் பேருந்துகளுக்குப் போடுவது என்று ஏற்பாடு, அதுவும் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து. அது மட்டுமல்ல, குப்பையை எடுத்துக்கொள்வதற்காக நிறுவனம்தான் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் தருகிறது. வழக்கமாகப் பணம் எதிர்த்திசையில் போகும்!

ஏன் தருகிறார்கள்? குப்பை சுத்தமாக வருகிறது, அவ்வளவுதான். இந்தூர் வீட்டு வாசலிலேயே ஈரம், உலர் என்று பிரித்து வாங்கத் தொடங்கியது ஆலை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால். வண்டியிலேயே தனித்தனி அறைகள். கலந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள், அபராதமும் உண்டு. தேவ்குராடியாவில் மலையாகக் கிடந்த சுமார் 13 லட்சம் டன் பழைய குப்பையை 2018-லேயே தோண்டிப் பிரித்து அகற்றிவிட்டார்கள். ஆலை கடைசியாக வந்தது.

உங்கள் மன்றத்தில் வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஊர்க் குப்பை இன்று இருக்கிற நிலையிலேயே நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?" ஆமாம் என்று உடனே சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

கேள்வி (சுகாதார ஆய்வாளர், டெல்டா மாவட்டம்): எங்கள் ஊர் மக்கள்தொகை ஒரு லட்சம். ஆலை போடலாமா?

கூட்டிக் கழித்துப் பாருங்கள். நாளுக்கு ஆளுக்கு 400 கிராம் குப்பை என்றால் 40 டன். அதில் பாதி ஈரக்கழிவு என்றால் 20 டன். அதுவும் எல்லா வீடும் பிரித்துக் கொடுத்தால்தான். 20 டன்னுக்கு கம்ப்ரஸர், சுத்திகரிப்பு, 24 மணி நேர ஆபரேட்டர் எல்லாம் வைத்தால் கட்டுப்படியாகாது. இந்த அளவுக்கு இப்போது நீங்கள் நடத்துகிற நுண் உர மையங்களே மேல். அவற்றை ஒழுங்காக நடத்துங்கள், அது ஒன்றும் குறைவான வேலை இல்லை.

பக்கத்து ஊர்கள் நாலைந்து சேர்ந்து ஒரே ஆலை என்றால் பேசலாம். இல்லையென்றால் வேறு கழிவோடு சேர வேண்டும். நாமக்கல் புதுச்சத்திரத்தில் சி.பி.ஜி. ஆலை அமைந்ததற்குக் காரணம் நகரக் குப்பை இல்லை, சுற்றிலும் இருக்கிற கோழிப்பண்ணைகள். உங்கள் பக்கம் சர்க்கரை ஆலை இருந்தால் பிரஸ்மட் (கரும்புச்சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடு) பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: 100 டன் ஈரக்கழிவிலிருந்து எவ்வளவு வரும்? பணமாகச் சொல்லுங்கள்.

காகிதத்தில் நாலைந்து டன் என்று எழுதுவார்கள். இந்தூரின் திட்டக் கணக்கையே வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 31 கிலோ வருகிறது. ஆகவே 100 டன்னுக்கு 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 60 ரூபாய் என்றால் நாளுக்கு 1,80,000 ரூபாய். பெரிய தொகையாகத் தெரியும். மின்சாரம், சம்பளம், கடன் தவணை, மிஞ்சிய பிளாஸ்டிக்கை அப்புறப்படுத்தும் செலவு, மழைக்காலத்தில் பாதி நாள் உற்பத்தி குறைவது எல்லாம் போனால் அவ்வளவு பெரிதில்லை.

உதவித்தொகைகள் இருக்கின்றன. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2025-26 வரைக்கும் அறிவித்த திட்டத்தில், புதிதாகக் கட்டும் ஆலை என்றால் நாளுக்கு 4,800 கிலோ உற்பத்திக்கு 4 கோடி ரூபாய், அதிகபட்சம் 10 கோடி. தூய்மை இந்தியா திட்டத்தின் நகரப் பிரிவிலிருந்து வருவது தனி. விற்பனைக் கவலை முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. 2018 அக்டோபரில் சி.பி.ஜி. ஆலைகளை ஊக்குவிக்கும் மத்திய அரசின் சதத் திட்டம் தொடங்கியபோது எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்குவதாகச் சொன்னார்கள். 5,000 ஆலைகள் வரும் என்றார்கள், அதன் பக்கத்தில்கூட எட்டவில்லை. இப்போது நகர எரிவாயு நிறுவனங்கள் தங்கள் விற்பனையில் சி.பி.ஜி. கலந்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது: 2025-26-ல் 1 சதவீதம், 2028-29-ல் 5 சதவீதம் வரை. வாங்க ஆள் இருப்பார்கள். கொடுக்கச் சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி (தூய்மைப் பணி மேற்பார்வையாளர், மதுரை): எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பணியாளர்களுக்கு எப்படிச் சொல்வது அம்மா?

இதைக் கேட்டதற்கு நன்றி ஐயா. ஆலையின் ஆயுள் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மிச்சச் சோறு, குழம்பு, காய்கறி, பழம், ஹோட்டல் கழிவு எல்லாம் முதல் தரம். எண்ணெய்ப் பசை உள்ளது நிறைய வாயு தரும், ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டி புளித்துவிடும். இறைச்சி, மீன் கழிவு வரலாம், அளவோடு. அதிகமானால் அமோனியா ஏறி நுண்ணுயிர்கள் சுணங்கும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் இருக்கும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது. வீட்டுக் குப்பையில் நாலு தோல் வந்தால் பரவாயில்லை, ஜூஸ் கடைக்காரர் மூட்டையோடு கொண்டுவந்தால் தனியாக வையுங்கள்.

தேங்காய்ச் சிரட்டை, மட்டை, மரக்கிளை, இளநீர்க் கூடு வேண்டவே வேண்டாம், தொட்டியில் அவை மக்காது. வாழைத்தண்டும் வாழை மட்டையும் தந்திரமானவை. மக்கும், ஆனால் அரைக்காமல் போனால் நார் கலக்கியின் தண்டில் கயிறாகச் சுற்றி மோட்டாரை நிறுத்திவிடும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எந்த ஆலை மேலாளரையும் போனில் பிடிக்க முடியாது! வாசலில் கட்டிய வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய், பூமாலை எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். பூசணிக்காயோடு உள்ளே வைத்த காசும் வரும்.

மண்ணும் பிளாஸ்டிக் பையும்தான் பெரிய எதிரிகள். தெருவைப் பெருக்கிய மண்ணை ஈரக்கழிவு வண்டியில் கொட்டினால் தொட்டியின் அடியில் படிந்து வருஷத்துக்கு வருஷம் தொட்டி சின்னதாகிக்கொண்டே போகும். பை மேலே மிதந்து ஏடு கட்டும், வாயு வெளியேற வழி இருக்காது. பெயர் வேண்டாம், ஒரு ஊரில் தொட்டியைத் திறந்தபோது முக்கால் ஆள் உயரத்துக்கு மண்ணைப் பார்த்தேன். அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யப் பல மாதம் ஆலையை மூடினார்கள்.

இன்னொன்று. அடைபட்டுவிட்டது என்று யாரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள், எந்த மேலதிகாரி சொன்னாலும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அதற்கென்று காற்றோட்டம், வாயு அளவி, மூச்சுக்கருவி, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

கேள்வி (குடியிருப்போர் சங்கம், சென்னை): எங்கள் பகுதிக்கு அருகில் ஆலை வரப்போகிறது என்கிறார்கள். நாற்றம் வருமா, வெடிக்குமா?

தொட்டி எப்போதும் மூடியே இருக்கும், அதிலிருந்து நாற்றம் வந்தால் வாயு வீணாகிறது என்று அர்த்தம், ஆலைக்காரருக்கே நஷ்டம். நாற்றம் வருவது குப்பை வந்து இறங்கும் கொட்டகையிலிருந்து. அது நாலு பக்கமும் மூடிய கட்டடமாக இருக்கிறதா, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியே விடுகிறார்களா, லாரி உள்ளே போனதும் கதவு மூடுமா என்று கேளுங்கள். வரைபடத்தில் தகரக் கூரையும் திறந்த பக்கமும் இருந்தால் எதிர்ப்புத் தெரிவிக்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. வந்த குப்பையை அன்றைக்கே அரைத்து உள்ளே தள்ளவும் வேண்டும்.

வெடிப்பு பற்றி: மீத்தேன் காற்றைவிட இலேசானது, திறந்த வெளியில் மேலே போய்விடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்து, மூடிய இடத்தில் பொறி பட்டால்தான் ஆபத்து. சி.என்.ஜி. பங்கில் இருக்கும் அதே விதிகள் இங்கும் பொருந்தும். சேத்துப்பட்டில் 100 டன் ஆலை நகரின் நடுவில்தான் இருக்கிறது. ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கேள்வி: ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே.

நம் ஊர் ஈரக்கழிவில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எரியும் வெப்பத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். உலர் கழிவை எரிப்பது பற்றிய வாதம் வேறு.

கேள்வி (விவசாயி, திண்டுக்கல்): வாயு எடுத்தபின் மிஞ்சுவதை எங்கள் வயலுக்குத் தருவார்களா?

தர வேண்டும், பல இடங்களில் இதுதான் சிக்கல். கழிவிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வாயுவோடு போவதில்லை, கரைசலிலேயே இருக்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர். டேங்கரில் 40 கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசல் செலவு உரத்தின் விலையைத் தாண்டிவிடும். பிழிந்து திடமாக்கி விற்பதற்கு மத்திய அரசு 2025-26 வரைக்கும் டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்திருந்தது. திரவத்தை என்ன செய்வது என்று திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாமல் நிறைய ஆலைகள் கட்டப்படுகின்றன, கடைசியில் அது பக்கத்து ஓடைக்குப் போகிறது. வாங்கும்போது கண்ணாடித்தூள், பிளாஸ்டிக் துணுக்கு இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். ஆய்வக அறிக்கையும் கேளுங்கள், கன உலோகம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

கேள்வி: இதையும் எரித்தால் கார்பன்தானே வருகிறது? சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

எரியும்போது வருவது அந்தக் காயும் சோறும் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன். அதைவிடப் பெரிய லாபம் வேறு. அதே குப்பை கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ மலையாகக் கிடந்தால், உள்ளே காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகி நேராக வானத்துக்குப் போகும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும்.

இதே எண்ணிக்கை ஆலைக்கும் பொருந்தும். குழாயில், வால்வில், சுத்திகரிப்புக் கருவியில் மீத்தேன் கசிந்தால் நன்மையைக் கசிவே தின்றுவிடும். ஒப்பந்தத்தில் கசிவுச் சோதனை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: வெளிநாட்டில் நன்றாக நடக்கும் இடம் ஒன்று சொல்லுங்கள்.

ஸ்வீடனில் லிங்ஷோப்பிங். 2002-லேயே நகரப் பேருந்துகளை முழுக்க இந்த வாயுவுக்கு மாற்றிவிட்டார்கள், 2005-ல் ஒரு ரயிலும் ஓட்டினார்கள். கனடாவின் சர்ரே நகரமும் பார்க்க வேண்டியது. வீடுகளிலிருந்து வரும் ஈரக்கழிவை எரிவாயுவாக்கி, அந்தக் குப்பையைச் சேகரிக்கும் லாரிகளுக்கே போடுகிறார்கள். நம் நகராட்சிகளும் பஸ்ஸுக்கு முன்னால் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். லாரிகள் தினமும் ஆலைக்கு வந்துதான் ஆக வேண்டும், தனியாகப் பங்க் தேட வேண்டியதில்லை.

கேள்வி (அடுக்ககச் சங்கச் செயலாளர், கோவை): 200 வீடு இருக்கிறது. நாங்களே சி.பி.ஜி. செய்யலாமா?

வேண்டாம். தினம் 100 கிலோ ஈரக்கழிவு வந்தால் சுமார் 10 கன மீட்டர் வாயு, 4 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். அருகில் பொதுச் சமையலறையோ டீக்கடையோ இருந்தால் சுத்தம் செய்யாமல் அப்படியே குழாயில் கொடுங்கள். இல்லையென்றால் உரம்.

கேள்வி (முதலில் கேட்ட கவுன்சிலரே): சரி மேடம், ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நகராட்சி எத்தனை டன் தருவதாக உறுதி கொடுக்கிறது என்ற வரியை முதலில் படியுங்கள். 100 டன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு 45 டன் கொடுத்தால் அபராதம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் ஒரு மாதமாவது எடைமேடையில் ஈரக்கழிவை மட்டும் தனியே எடை போட்டுப் பாருங்கள், மழை நாளும் பண்டிகையும் அதில் வரட்டும். குப்பையில் எத்தனை சதவீதம் வேறு பொருள் இருந்தால் திருப்பி அனுப்பலாம், அதை யார் அளப்பது, திருப்பி அனுப்பியது எங்கே போகும் என்பது அடுத்தது. பிறகு, வாயு எடுத்தபின் மிஞ்சும் கரைசல் எங்கே போகும் என்பது. பிறகு, நிறுவனம் பாதியில் போனால் தொட்டியும் நிலமும் யாருக்கு. வாயு விலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.