ஜேசிபி பிறகு, காது முதலில்: அலெப்போ மீட்பாளர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சிரியாவின் உள்நாட்டுப் போரில், அலெப்போ போன்ற நகரங்களில் குண்டு விழுந்து சரிந்த கட்டடங்களிலிருந்து ஜனங்களை மீட்ட ‘வெள்ளைத் தலைக்கவசம்’ தொண்டர்கள் ராணுவத்தில் இருந்தவர்களா சார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. ரொட்டி சுடுபவர், தையல்காரர், மாணவர் என்று சாதாரண ஜனங்கள். 2013 முதல் பலருக்குத் துருக்கியில் பயிற்சி கிடைத்தது.

கேள்வி: கட்டடம் சரிந்ததும் ஜேசிபியால் அள்ளினால் வேலை சீக்கிரம் முடியாதா?

பதில்: வேலை முடியும், உள்ளே இருப்பவரும் முடிந்துபோவார். சரிந்த தளம் சுவரிலோ பீரோவிலோ முட்டி நின்றால் அடியில் பொந்து விழும். உயிரோடு இருப்பவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். ஒரு பக்கம் இழுத்தால் பொந்து மூடிக்கொள்ளும். அதனால் முதலில் ஜெனரேட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும் குரல் கொடுப்பார், குழாயில் தட்டுவார். மற்றவர்கள் சுற்றி நின்று காது கொடுப்பார்கள். கான்கிரீட்டில் சத்தம் திசை மாறி வரும். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட்ட பிறகே கையும் வாளியுமாகத் தோண்டணும். அக்கம்பக்கத்தாரிடம் “எந்த அறையில் படுப்பார்கள்?” என்று விசாரிப்பதற்கு ஈடான கருவி கிடையாது.

கேள்வி: ஸ்லாபை ஜாக்கி போட்டுத் தூக்கலாமா?

பதில்: தூக்கத்தான் ஜாக்கி, தாங்குவது கட்டை. ஓர் அங்குலம் தூக்கினால் உடனே ஓர் அங்குலத்துக்குக் கட்டை செருகணும். 4 அங்குலச் சதுரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, முனைகள் 4 அங்குலம் வெளியே நீட்டியிருக்க விடணும். அடுக்கின் உயரம் அதன் அடிப்பக்க அகலத்தைப் போல் 3 மடங்கைத் தாண்டக்கூடாது. ஜாக்கிக்கு அடியில் பலகை இல்லையென்றால் ஸ்லாப் ஏறாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும்.

கேள்வி: கால் நசுங்கிக் கிடப்பவரை உடனே இழுக்கக் கூடாதாமே, ஏன்?

பதில்: நசுங்கிய தசையில் பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் தேங்கி நிற்கும். பாரத்தை எடுத்ததும் அவை ரத்தத்தில் பாயும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் மீட்கப்பட்டவர்களிடம் பைவாட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைப் பதிவு செய்தார்: மருத்துவமனைக்கு நன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள், ஒரு வாரத்துக்குள் சிறுநீர் நின்று இறந்தார்கள். எனவே பாரத்தை எடுக்கும் முன்பே, மருத்துவப் பயிற்சி உள்ளவர் சாதாரண சலைன் ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு மணிக்குச் சுமார் 1 லிட்டர். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு வகை டிரிப் வேண்டாம், அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது.

கேள்வி: அதே இடத்தில் மறுபடி குண்டு விழுமா?

பதில்: விழுந்திருக்கிறது, கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தே போட்டிருக்கிறார்கள். ஆகவே சிலர் மட்டும் இடிபாட்டில், மிச்சப் பேர் தள்ளி. வண்டி வெளியேறும் திசை பார்த்து நிற்கும், சாவி வண்டியிலேயே. விமானம் கிளம்பும் செய்தி வாக்கிடாக்கியில் வந்தால் கலைந்துவிட வேண்டும். இத்தனை பார்த்தும் இழப்பு தப்பவில்லை: 2014-ல் கைக்குழந்தையை இடிபாட்டிலிருந்து எடுத்த ‘வெள்ளைத் தலைக்கவசம்’ தொண்டர் காலித் ஒமர் ஹர்ரா, 2016 ஆகஸ்டில் வான்தாக்குதலில் இறந்தார்.