வாய்க்கால் துப்புரவுக்குப் போகாமல் விடுவது என் உரிமையா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் அப்பாவின் மூன்று ஏக்கர் வயலை இப்போது நான்தான் செய்கிறேன். சிறுபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவுக்கு வயலுக்கு ஓர் ஆள் வரவேண்டும், வராதவர் ஆள்கூலி கட்டவேண்டும் என்று கமக்காரர் அமைப்பு தீர்மானித்தது. நான் எதற்கும் கையெழுத்து வைக்கவில்லை. சம்மதிக்காதவன்மேல் கடமையைச் சுமத்துவது பலாத்காரம் என்ற லிபர்ட்டேரியன் கொள்கையை நம்புகிறேன். அதனால் போகவுமில்லை, கட்டவுமில்லை. இப்போது பக்கத்து வயல்காரர் உழவு மெசினைத் தர மறுக்கிறார். ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை என்று அப்பா சொல்கிறார். நான் செய்தது பிழையா? அவர்கள் செய்வதுதானே பலாத்காரம்? - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கொள்கையைக் கைவிடச் சொல்லப் போவதில்லை. அதற்குள் நின்று பார்த்தாலே உங்கள் கணக்குப் பிழையாகிறது.

முதலில் உங்களுக்குச் சாதகமான வாதம். பலர் பாடுபட்டு நடத்தும் ஒன்றின் பலனை அனுபவிப்பவர் தன் பங்கையும் செய்யவேண்டும் என்று தத்துவவாதிகளான எச்.எல்.ஏ. ஹாட் 1955இலும் ஜோன் றோல்ஸ் 1964இலும் எழுதினார்கள். உங்கள் லிபர்ட்டேரியன் பக்கத்துத் தத்துவவாதி றொபேட் நோசிக் 1974இல் இதை மறுத்தார். அவர் காட்டிய உதாரணத்தில் அயலிலுள்ள 364 பேர் ஒலிபெருக்கி வைத்து, ஆளுக்கொரு நாள் பாட்டும் கதையும் போடுகிறார்கள். நீங்களும் சன்னலைத் திறந்து ரசித்திருக்கிறீர்கள். 138 நாள் கழித்து உங்கள் முறை வருகிறது. அந்த நாளைக் கொடுத்தே ஆகவேண்டுமா? தேவையில்லை என்றார் நோசிக். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கேளாமலே காதில் வந்து விழுவதற்குக் கடன் கிடையாது. இதில் நோசிக் பக்கம்தான் நானும்.

ஆனால் வயலுக்குத் தண்ணீர் அப்படி வருவதில்லை. 1979இல் தத்துவவாதி ஏ. ஜோன் சிம்மன்ஸ் இந்த இடத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். தவிர்க்க முடியாமல் வந்து சேரும் நன்மை ஒன்று. நாமே போய் எடுத்தால்தான் கிடைக்கும் நன்மை இன்னொன்று. பலருடைய உழைப்பில் வருவது என்று தெரிந்துகொண்டே இரண்டாவதை எடுப்பவருக்குக் கடமை உண்டு. சிம்மன்ஸ் அரசுக்காகப் பேசியவர் அல்லர்; சட்டத்துக்குக் கீழ்ப்படியும் பொதுக்கடமை பெரும்பாலானோருக்கு இல்லை என்று வாதிட்டவர். இனி உங்கள் வக்கடையை, வரம்பில் தண்ணீர் பாயும் வாயைப் பாருங்கள். விடியற்காலையில் மண்வெட்டியோடு போய், அடைத்த மண்ணை வெட்டி எடுத்தால்தான் தண்ணீர் உள்ளே பாயும். போதும் என்றதும் அதே மண்ணை அள்ளி, காலால் மிதித்து அடைக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அது நீங்களாக எடுக்கும் முடிவு. சம்மதம் கடதாசியில்தான் இருக்கவேண்டும் என்று உங்கள் கொள்கையும் கேட்பதில்லை. கடையில் பிளேன்டீ கேட்டுக் குடித்தவர் ஒப்பந்தம் எழுதாமலே காசு கொடுக்கிறார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்கள் வயலோரத் துண்டில் பன்னும் ஆற்றுவாழையும் மண்டினால் தண்ணீர் அங்கேயே தேங்கும். மேலே உள்ளவரின் வரம்பு ஊறி உடையும். கடைசி வயல் காயும். துப்புரவாக்காமல் விட்டது வெறும் செய்யாமைதான் என்று நீங்கள் வாதாடலாம். வரம்பில் செதுக்கிய புல்லையும் மண்ணையும் வாய்க்காலுக்குள் தள்ளியிருந்தால் அந்த வாதம் நிற்காது. அது பிறர் உடைமைக்குச் செய்த சேதம்.

மெசின் விஷயத்தில் பக்கத்து வயல்காரர்மேல் பிழையில்லை. மெசின் அவருடையது. லிபர்ட்டேரியன் சிந்தனையாளர் மறி றொத்பாட் 1982இல் எழுதிய நூலில் புறக்கணிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கைவைக்காத வரை அது எவருக்கும் உள்ள உரிமை என்பதே அவர் நிலை. ஊர் அபிப்பிராயமும் கொடுங்கோலாகலாம் என்று 1859இலேயே எச்சரித்த ஜோன் ஸ்டுவட் மில்கூட, பிடிக்காதவரை விட்டு விலகும் உரிமையை மறுக்கவில்லை. விலகுவதை ஊரறியக் காட்டித் திரியவேண்டாம் என்றார். இரவோடிரவாக யாராவது உங்கள் வக்கடையை அடைத்தாலோ வரம்பை வெட்டினாலோ அது பலாத்காரம். அப்போது வயல்களின் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் முறையிடுங்கள்.

'என்னை யாரும் வற்புறுத்தக் கூடாது' என்பது மற்றவர்களுக்குப் போட்ட எல்லை. அந்த எல்லைக்குள் நீங்கள் எப்படிப்பட்ட அயலவனாக இருக்கவேண்டும் என்பதற்கு அதில் பதில் தேடாதீர்கள். தன் கோட்பாடு அரசியல் அறத்தைப் பற்றியது, தனிமனித ஒழுக்கம் முழுவதையும் பற்றியதல்ல என்று றொத்பாட்டே பிரித்துச் சொல்லியிருக்கிறார். இளம் வாசகர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

வற்புறுத்தலைக் குறைக்க விரும்புபவருக்கு நல்ல பாடம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வயல் வாய்க்கால்களை, 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளே சிறு குழுக்களாகச் சேர்ந்து துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் கீழேயுள்ள தமிழ் விவசாயிகளுக்கும் போனது. 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுவளங்களைப் பற்றி 1990இல் எழுதிய நூலில் கல்லோயாவையும் ஆராய்ந்தார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறியவருக்குச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகத் தண்டம் விதிக்கும் அமைப்புகள் நீடித்திருப்பதை அந்த நூலில் காட்டினார்.

இப்போது செய்யவேண்டியது: இந்தப் போகத்தின் ஆள்கூலியைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். காசு தட்டுப்பாடு என்றால் உங்கள் துண்டை நீங்களே வெட்டித் தருவதாகக் கேளுங்கள். வெட்டும்போது கவனம்: வாரிய செடியைக் கட்டின்மேல் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும், வெளிப்பக்கமாக எறியுங்கள். அடிமட்டத்தைத் தாண்டித் தோண்டினால் நீர்மட்டம் வக்கடைக்குக் கீழே போய்விடும். பிறகு வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு ஏறாது.

அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். அங்கே எடுக்கும் தீர்மானங்களுக்குச் சட்டவலு உண்டு. வயலுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் அரை ஏக்கர்காரரும் ஐந்து ஏக்கர்காரரும் ஒரே பாரம் சுமக்கிறார்கள். ஏக்கர்க் கணக்கில் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரவுசெலவை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் உங்களுக்கு ஒவ்வாவிட்டால் எதிர்த்துக் கை உயர்த்தி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? பெரும்போகத்தில் மழையை மட்டும் நம்பி மானாவாரியாகச் செய்யுங்கள், வக்கடையைத் திறக்கவேண்டாம். அப்படிச் செய்தால் உங்களிடம் ஆள்கூலி கேட்பதற்கு இந்த வாதத்தில் இடமில்லை.