லண்டன் புறநகரில் நம் ருசியைத் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி–பதில்

பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்குவதற்காக லண்டன் செல்லவிருக்கும் வாசகர்கள் பலர், அங்கே நல்ல இந்திய உணவகங்களை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகளும் மருமகனும் லண்டனின் வடமேற்கே ஹாரோவில் குடியிருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் போகிறோம். கணவர் சுத்த சைவம். நான் அசைவமும் சாப்பிடுவேன். சென்ற முறை போனபோது, வீட்டருகே ‘இந்தியன்’ என்று பெயர்ப்பலகை வைத்திருந்த ஓர் உணவகத்தில் ‘மெட்ராஸ் கறி’ வாங்கினோம். காரத்தைத் தவிர நம் ஊர் வாசனையே அதில் இல்லை. நம்பிப் போகும்படியான உணவகத்தை எப்படித் தேடுவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக மனமார வாழ்த்துகிறேன். நீங்கள் வாங்கிய கறியில் சென்னையின் சாயல் இல்லாமல் போனதற்கு அந்தச் சமையல்காரரின் கைக்குறை காரணமில்லை. பிரிட்டனில் நீண்ட காலமாக ‘இந்தியன்’ என்ற பெயரில் நடந்துவரும் உணவகங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் வட்டாரத்துக் குடும்பத்தினர். ஆங்கிலேய வாடிக்கையாளர்களுக்காக அவர்கள் உருவாக்கிய சமையல் முறை தனி. நிறைய வெங்காயத்தை வேகவைத்து அரைத்து, ஒரு பொதுக்குழம்பை முன்கூட்டியே அண்டாவில் தயாராக வைத்துவிடுவார்கள்; ஆர்டர் வந்ததும் அதிலிருந்து எடுத்து, தேங்காயும் கிரீமும் சேர்த்தால் குருமா, மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், இன்னும் கூட்டினால் விண்டாலு என்று சில நிமிடங்களில் தட்டுக்கு வந்துவிடும். கடுமையான உழைப்பில் வளர்ந்த தொழில் அது. அந்தச் சுவைக்கென்றே தேடிப் போகிறவர்களும் ஏராளம். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர் நினைத்துக்கொண்டு போகும் சாப்பாடு அங்கே இருக்காது.

ஆகவே, எந்த உணவகத்துக்குப் போவதானாலும், அந்த அடுப்படி எந்த ஊர்க்காரருடையது, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார் என்ற இரண்டையும் முதலில் விசாரியுங்கள். சொந்த ஊர்க்காரர்கள் நாள்தோறும் வந்து சாப்பிட்டுக் குறை சொல்லும் இடத்தில்தான் சமையல் தரம் குறையாமல் நிற்கும். லண்டனில் இதைக் கண்டுகொள்வது கடினமில்லை. எந்தப் புறநகரில் எந்த மக்கள் குடியேறினார்களோ அந்தப் புறநகரின் கடைத்தெருவே அதைச் சொல்லிவிடும்.

உங்கள் நல்லகாலம், ஹாரோவுக்கு அருகிலேயே வெம்ப்ளி இருக்கிறது. அங்குள்ள ஈலிங் ரோடு என்னும் தெரு, பாதாள ரயிலின் பிக்கடில்லி தடத்து ஆல்பர்ட்டன் நிலையத்திலிருந்து வடக்கே வெம்ப்ளி நோக்கிச் செல்கிறது. புடவைக் கடைகள், நகைக் கடைகள், பான் கடைகள், கொத்தவரங்காயும் முருங்கைக்காயும் குவித்து வைத்திருக்கும் காய்கறிக் கடைகள், 2010இல் திறக்கப்பட்ட சனாதன் இந்துக் கோயில் எல்லாம் அந்த ஒரே தெருவில் இருக்கின்றன. இங்கே வாழும் குஜராத்திகளில் கணிசமானோர் கென்யா, உகாண்டா வழியாக வந்தவர்கள்; 1972இல் உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்களை 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோது பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அந்தப் பயணத்தின் சுவடு உணவிலும் இருக்கிறது. ‘மோகோ’ என்று கேட்டால், மரவள்ளிக்கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்து, மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் பிசிறிச் சுடச்சுடத் தருவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் கற்றுக்கொண்ட பண்டம் அது. பல ஆண்டுகளாக இதே தெருவில் சைவ உணவு மட்டுமே தரும் சகோனிஸ் போன்ற இடங்களில் உங்கள் கணவர் எதையும் விசாரிக்காமல் நிம்மதியாகச் சாப்பிடலாம். நீங்கள் இருக்கும் காலம் குளிர்காலமானால் உந்தியு கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிழங்குகளும் பச்சைக் காய்களும் மசாலாவோடு வெந்த அந்தக் கூட்டை ஆண்டு முழுவதும் செய்ய மாட்டார்கள்.

ஹாரோ வட்டாரத்தில், குறிப்பாகத் தெற்கு ஹாரோ, ரேய்னர்ஸ் லேன் பக்கங்களில், இலங்கைத் தமிழர் நிறையவே குடியிருக்கிறார்கள். இடியப்பம், சொதி, பால் அப்பம், கத்தரிக்காய்க் கறி என்று நம் நாவுக்கு மிக அருகில் இருக்கும் சாப்பாட்டை அவர்களுடைய கடைகளில் வாங்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: இலங்கைச் சமையலில் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பதுண்டு. பார்த்தால் தெரியாது. ஆகவே கணவருக்கு வாங்கும்போது ‘மாசி போட்டதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். அதேபோல பரோட்டா, நான் இரண்டின் மாவிலும் சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தென்னிந்திய உணவகம் ஒன்றைப் புதிதாகச் சோதிக்க விரும்பினால், பெரிய விருந்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இட்லியும் சட்னியும் மட்டும் வாங்கிப் பாருங்கள். லண்டன் குளிரில் மாவு எளிதில் பொங்காது. வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அந்த அக்கறை இல்லாத கடையில் இட்லி கெட்டியாகவும் புளிப்பே இல்லாமலும் இருக்கும், அல்லது சோடா உப்பின் கசப்பு நாக்கில் நிற்கும். தேங்காய்ச் சட்னியையும் கவனியுங்கள். புதுத் தேங்காயில் அரைத்தது ஈரப்பசையோடு குழைந்து இருக்கும். பாக்கெட்டில் வரும் உலர்ந்த துருவலில் அரைத்தது பல்லில் நரநரக்கும், ஓரத்தில் தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். இந்த இரண்டையும் சரியாகச் செய்கிறவர்களுடைய சாம்பாரும் பெரும்பாலும் ஏமாற்றாது.

குழந்தை பிறந்த பிறகு நீங்கள் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் வாங்கி வருவீர்கள். அப்போது தோசையைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டிக்குள் மூடிய பத்தாவது நிமிடத்தில் அது துவண்டுவிடும். இட்லி, ஊத்தப்பம், இடியப்பம் ஆகியவை பயணத்தைத் தாங்கும். தமிழ் மளிகைக் கடைகளில் அரைத்த தோசை மாவே டப்பாவில் கிடைக்கிறது. வீட்டில் வார்த்துக் கொடுப்பது உத்தமம்.

கேள்வி: கிழக்கு லண்டனில் படிக்கும் என் மகன் அசைவப் பிரியன். கையில் பணமும் அளவாகத்தான் இருக்கிறது. அவன் எங்கே சாப்பிடலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஈஸ்ட் ஹாமுக்குப் போகச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் இறங்கினால், ஹை ஸ்ட்ரீட் நார்த் என்னும் நீண்ட கடைத்தெரு வாசலிலேயே தொடங்கிவிடும். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், மகாலட்சுமி கோயில், சற்றுத் தள்ளி மேனர் பார்க் சர்ச் ரோட்டில் முருகன் கோயில் எல்லாம் இருக்கும் வட்டாரம் அது. தமிழ்நாட்டார், ஈழத்தமிழர், மலையாளிகள் ஆகிய மூவருக்கும் அங்கே உணவகங்கள் உண்டு. விலையும் லண்டனின் நடுப்பகுதியைவிடக் குறைவு.

மதுரைக்காரருக்குக் கொத்துப் பரோட்டாவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தார் கடையில் கொத்து ரொட்டியை ஒருமுறையாவது அவன் சாப்பிட வேண்டும். அவர்களுடைய கறித்தூளில் மிளகாயையும் மல்லியையும் கருக வறுத்துச் சேர்ப்பதால் ஆட்டுக்கறிக் குழம்பு கறுத்த நிறத்தில், நம்முடையதைவிட அழுத்தமான காரத்தோடு இருக்கும். அந்தக் குழம்பை ஊற்றிக் கொத்தும்போது ரொட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். 1983க்குப் பிறகு போரினால் இடம்பெயர்ந்து வந்த மக்கள், தெரியாத ஊரில் முதலில் பிடித்து நின்ற தொழில்களில் இந்தச் சிறு கடைகளும் அடங்கும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் மட்டன் ரோல் இரண்டும் ஒரு தேநீரும் இருந்தால் ஒரு மாணவனின் மாலைப் பசி தீர்ந்துவிடும். மலையாளிகளின் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் வேண்டுமென்றால் அதே தெருவில் தட்டுக்கடை என்ற பெயரிலேயே ஓர் உணவகம் இருக்கிறது.

விடுமுறை நாளில் நண்பர்களோடு நகரைக் கடந்து தெற்கே டூட்டிங்குக்கும் போய் வரலாம். நார்தன் தடத்தில் டூட்டிங் பிராட்வே நிலையம். அங்கே ஸ்ரீகிருஷ்ணா என்ற கேரள உணவகம் 1973இலிருந்து நடந்து வருகிறது. அத்தனை ஆண்டுகள் ஒரு தென்னிந்தியச் சமையலறை அணையாமல் இருப்பது பெரிய காரியம். மேற்கே சவுத்தாலில் பஞ்சாபியர். அங்குள்ள ரயில் நிலையப் பலகையில் ஊர்ப்பெயர் குர்முகி எழுத்திலும் எழுதப்பட்டிருக்கும். தந்தூரிக்கும் ஜிலேபிக்கும் அங்கேதான் போக வேண்டும். மாதக் கடைசியில் கை வறண்டுவிட்டால், சவுத்தால் ஹேவ்லாக் ரோட்டில் உள்ள குருத்வாராவில் சாதி, மதம் பாராமல் எல்லோருக்கும் லங்கர் என்னும் இலவசச் சைவ உணவு பரிமாறுகிறார்கள் என்பதையும் உங்கள் மகன் அறிந்திருப்பது நல்லது. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழ வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்கள் அதைச் சேவையாகச் செய்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. லண்டனில் வெளியே சாப்பிட வழி உண்டா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: உண்டு. குஜராத்திகளில் சமணரும் சுவாமிநாராயண் நெறியினரும் இருப்பதால், வடமேற்கு லண்டனின் சைவ உணவகங்கள் பலவற்றில் ‘ஜெயின்’ என்று சொன்னாலே வெங்காயம், பூண்டு இல்லாமல் தனியே செய்து தருவார்கள். சமணர்கள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளையும் விலக்குவதால் அவையும் அதில் இராது. நீஸ்டனில் 1995இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலைத் தரிசித்துவிட்டு, அதை ஒட்டிய ஷயோனா உணவகத்தில் சாப்பிடலாம். அங்கே சமையல் முழுவதுமே வெங்காயமும் பூண்டும் இல்லாதது. பொதுக்குழம்பு வைத்துச் சமைக்கும் கறி ஹவுஸ்களில் மட்டும் இதைக் கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படையே வெங்காயம்தான்.

கேள்வி: உணவகக் கதவுகளில் 5, 4 என்று எண் போட்ட பச்சை நிற ஒட்டுத்தாளைப் பார்த்தேன். அது சுவைக்கான மதிப்பெண்ணா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை, சுகாதாரத்துக்கானது. உள்ளாட்சி அலுவலர்கள் சமையலறையை நேரில் பார்த்து, உணவைக் கையாளும் முறை, இடத்தின் தூய்மை, நிர்வாகம் ஆகியவற்றைச் சோதித்து 0 முதல் 5 வரை தருகிறார்கள். வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் அந்தத் தாளை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம்; லண்டன் இருக்கும் இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. எனவே வாசலில் தாளைக் காணவில்லை என்றால், உணவுத் தர முகமையின் இணையதளத்தில் கடையின் பெயரைக் கொடுத்து எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். எளிய கடை என்பதற்காகக் குறைத்துப் போடுவதில்லை. நான்கு மேசை மட்டுமே உள்ள இட்லிக் கடையும் 5 வாங்கலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகும்போது 3க்குக் கீழே உள்ள இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேள்வி: இணையத்தில் நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா? பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று கூடுதலாகச் சேர்க்கிறார்களே, அதைக் கொடுத்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நட்சத்திரங்களின் சராசரியை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். சாம்பார் நீர்த்திருந்தது, மீன்குழம்பில் புளி தூக்கல் என்று பண்டத்தின் பெயரைச் சொல்லி எழுதுகிறவர், அந்தச் சாப்பாட்டை அறிந்தவர். அவருடைய ஒரு வரி, ‘அருமை’ என்று மட்டும் எழுதிய நூறு பேரைவிட உங்களுக்கு உதவும். புதிய பதிவுகளை முதலில் பாருங்கள். மாஸ்டர் மாறினால் கை மாறிவிடும். பழைய புகழை வைத்து இன்றைய சமையலை எடைபோட முடியாது.

சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் 12.5 சதவீதமாக இருக்கும். பில்லிலேயே ‘விருப்பத்துக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால், திருப்தி இல்லாதபோது நீக்கச் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, அந்தத் தொகையையும் டிப்ஸையும் முதலாளி பிடித்தம் செய்யாமல் ஊழியர்களுக்கே பகிர்ந்து கொடுத்தாக வேண்டும். பரிமாறியவர்கள் நன்றாகக் கவனித்திருந்தால் மனமுவந்து கொடுத்துவிடுங்கள். பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன், அந்தக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.