என் தலைப்பை கூகுள் ஏன் மாற்றுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்டாங்கி சேலை விற்கும் எங்கள் இணையதளத்தில் 40 பக்கங்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் கடைப் பெயரோடு 'தரமான சேலைகள், சிறந்த சேவை' என்று தலைப்பு கொடுத்திருக்கிறோம். கூகுளில் தேடினால் வேறு தலைப்பு வருகிறதே, ஏன்?
– வாசகி, காரைக்குடி

பதில்: இதில் கூகுளைக் குறை சொல்ல முடியாது. நாற்பது பக்கத்துக்கும் ஒரே தலைப்பு என்றால் எந்தப் பக்கத்தில் எந்தச் சேலை என்று அதற்கும் தெரியாது, தேடி வருபவருக்கும் தெரியாது. அப்போது பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் இருக்கும் எச்1 தலைப்பையோ, அந்தப் பக்கத்துக்கு வரும் இணைப்பில் உள்ள சொற்களையோ எடுத்துப் போட்டுவிடும். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையை கூகுள் 2021 ஆகஸ்டில் மாற்றியது. ஆனாலும் பெரும்பாலான பக்கங்களுக்கு டைட்டில் டேக்கில் (பக்கத்தின் நிரலில் தலைப்புக்கென்று உள்ள இடம்) நாம் கொடுத்ததுதான் இன்றும் வருகிறது. மாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பொத்தாம்பொதுத் தலைப்புகளே.

'காரைக்குடி கண்டாங்கி சேலை – அரக்கு, மஞ்சள் கட்டம், 5.5 மீட்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதுங்கள். அடுத்த சேலையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் விவரம் தலைப்பில் இருந்தே ஆக வேண்டும். கடைப் பெயரைக் கடைசியில் வைக்கலாம். தளத்தின் பெயரை கூகுள் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டுவதால் விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. 'தரமான', 'சிறந்த' இரண்டையும் தயங்காமல் வெட்டுங்கள். அந்தச் சொற்களைப் போட்டு யாரும் சேலை தேடுவதில்லை. எச்1 தலைப்பும் இதையே சொல்லட்டும்.

'கண்டாங்கி சேலை, கண்டாங்கி புடவை, கண்டாங்கி சாரி' என்று மூன்றையும் தலைப்பிலேயே அடுக்கினால் அதையும் கூகுள் மாற்றக்கூடும். 'சேலை' என்ற சொல் தலைப்பில் இருக்கட்டும்; 'புடவை', 'சாரி' இரண்டும் பக்கத்தின் உள்ளே இயல்பாக வந்தால் போதும். போன வருட தீபாவளித் தள்ளுபடி இன்னும் தலைப்பில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாமே? தமிழில் எழுதினால் தலைப்பின் நீளத்தை எண்ணும் கருவி உடனே சிவப்பு காட்டுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: கூகுள் இத்தனை எழுத்து என்று எல்லை எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிட்டுப் புள்ளி வைக்கும், அவ்வளவுதான். 60 என்பது ஆங்கில எழுத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு.

தமிழில் அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தவறும். 'கண்டாங்கி' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கருவி 9 என்று எண்ணும். 'க்' என்பதை 2 என்று எண்ணினாலும் திரையில் அது பிடிப்பது ஓர் எழுத்தின் இடம்தான். 'கொ' என்பதும் 2-தான். ஆனால் கொம்பு, க, கால் என மூன்று உருவத்தின் இடத்தை அடைக்கும். ஆகவே சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முக்கியமான சொற்களை முதல் நான்கைந்துக்குள் கொண்டுவந்துவிட்டு, சாதாரணக் கைப்பேசி ஒன்றில் தேடிப் பாருங்கள். வால் வெட்டுப்பட்டாலும் பொருள் புரிந்தால் சரி.

கேள்வி: மெட்டா டிஸ்கிரிப்ஷன் (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வர வேண்டிய விவரணை) கவனமாக எழுதினேன். கூகுள் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து ஏதோ ஒரு வரியைக் காட்டுகிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தேடுபவர் தட்டிய சொல் உங்கள் விவரணையில் இல்லாமல், பக்கத்தின் உள்ளே இருந்தால், உள்ளே இருக்கும் வரியையே கூகுள் எடுக்கும். ஒரே பக்கத்துக்கு ஒவ்வொரு தேடலுக்கும் ஒவ்வொரு வரி வருவதும் இதனால்தான். இதை நிறுத்த வழியில்லை. எந்த வரியும் காட்டாதே என்று சொல்லும் நோஸ்னிப்பெட் குறியைப் போட்டால் விவரணையும் சேர்ந்து மறையும். பக்கத்தில் வரும் 'குக்கீகளை ஏற்கவும்' போன்ற வரிகள் இடையில் புகுந்தால் மட்டும், அந்தப் பகுதிக்கு, அதை மட்டும் எடுக்காதே என்று சொல்லும் டேட்டா-நோஸ்னிப்பெட் குறியைக் கொடுங்கள்.

விவரணை தேடல் வரிசையை உயர்த்தாது. 2009-லேயே கூகுள் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் வருபவர் சொடுக்குவாரா, தாண்டிப் போவாரா என்பதை அது தீர்மானிக்கும். விலை, அளவு, எத்தனை நாளில் வந்து சேரும் ஆகியவற்றை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கூகுளின் பிளாக்கரில் வலைப்பதிவு வைத்திருப்பவர்கள் முதலில் செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் பகுதிக்குப் போய்த் தேடல் விவரணையை இயக்க வேண்டும். அதன் பிறகே பதிவு எழுதும் இடத்தில் அதற்கான கட்டம் தெரியும்.

எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். விவரணைக்குள் நேரான இரட்டை மேற்கோள் குறி வந்தால் அந்த இடத்திலேயே விவரணை முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். பாதி வாக்கியம் காணாமல் போவது இப்படித்தான். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

கேள்வி: மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் நிரலில் தேடுசொற்களைப் பட்டியலிடும் வரி) போடலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: தலைப்பை மாற்றி ஒரு வாரம் ஆகியும் பழையதே வருகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கூகுள் மறுபடி வந்து பக்கத்தைப் படிக்கும்வரை பழையதுதான் இருக்கும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மறுபடி படிக்கும்படி கோரலாம். எந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பக்கம் தடுக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை கோரினாலும் புதுத் தலைப்பு போய்ச் சேராது. தலைப்பும் விவரணையும் போட உதவும் எஸ்இஓ பிளக்இன் (கூடுதல் நிரல்) இரண்டு ஒன்றாக ஓடினால் தலைப்பும் விவரணையும் இரட்டையாக விழக்கூடும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து டைட்டில் டேக் ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். மாறிய பின் 28 நாள் பொறுத்து, அதே பக்கத்தின் கிளிக் விகிதத்தை (தேடல் முடிவில் பார்க்கப்பட்டதில் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்ற கணக்கு) முந்தைய 28 நாளோடு ஒப்பிடலாம். தேடல் வரிசையில் சராசரி இடம் 14, 15 என்று இருந்தால் கிளிக் குறைவதற்குத் தலைப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம்; உங்கள் பக்கம் இன்னும் தேடல் முடிவுகளின் முதல் பக்கத்துக்கே வரவில்லை.