மூன்றாம் முறைத் தேர்வு வேண்டாம்: செடியின் சாற்றில் ஹார்மோனை அளக்கும் படிப்பு பற்றி ஒரு தாய்க்கு

அம்மா, வணக்கம்.

போன வாரம் நீங்களும் உங்கள் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, பேச்சில் பெரும்பகுதி அவளுடைய பெரியப்பாவைப் பற்றியதாகவே இருந்தது. அவர் மகன் மருத்துவம் படிப்பதால் இவளும் படித்தாக வேண்டும். இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் இடம் கிடைக்காததால் மூன்றாம் முறையும் எழுத வேண்டும். அதுவும் கைகூடாவிட்டால் வீட்டை அடமானம் வைத்தாவது கட்டண இடம் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. இன்னும் ஒரு வருடம்தானே, பொறுத்துப் பாருங்கள் என்று நானும் உங்களைத் தேற்றி அனுப்பினேன். அது தவறு. தீர்ப்புச் சொல்பவர் ஒருவர், கடனைக் கட்டப்போகிறவர் இன்னொருவர் என்றிருக்கும்போது ஆலோசகர் தேற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்றாம் முறை வேண்டாம் என்பதே என் கருத்து.

அவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல நீங்கள் இருவரும் வெளியே சென்ற பத்து நிமிடத்தில், உங்கள் மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி, ஒரே வயதுச் செடிகள். ஒன்றுக்கு நாள்தோறும் தண்ணீர், மற்றொன்றுக்கு நிறுத்தம். காலையும் மாலையும் சமையலறைத் தராசில் இரண்டையும் எடை போட்டு எழுதியிருக்கிறாள். சந்தேகம் தீராமல் புதுச் செடிகளை வைத்து மூன்று முறை திரும்பவும் செய்திருக்கிறாள். தண்ணீர் நிறுத்திய தொட்டியின் எடை குறையும் வேகம், இலை வாடுவதற்கு இரண்டு நாள் முன்பே பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. "இலை அப்போதும் விறைப்பாகத்தான் இருக்கிறது. வறட்சி வரப்போவது அதற்கு எப்படி முன்னாலேயே தெரிகிறது?" என்று என்னைக் கேட்டாள். அவள் மதிப்பெண் பட்டியலை விட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொன்னது.

அவள் கேட்டதற்கான விடை செடிக்குள் ஓடும் சாற்றில் இருக்கிறது. மண் காயத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. அது இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்பு செல்களை அடைந்ததும் அவை விறைப்பு இழந்து துளையை மூடிக்கொள்கின்றன. நீராவி வெளியேறுவது குறைகிறது. தொட்டியின் எடை இறங்குவதும் மெதுவாகிறது. 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்த ஒரு குழுவும் மரங்களின் மொட்டு உறக்கத்தை ஆராய்ந்த வேறொரு குழுவும் தனித்தனியே பிரித்தெடுத்த பொருள்கள் ஒன்றே எனத் தெரிந்த பிறகு வைத்த பெயர் அது. உதிர்தல் என்னும் பொருளுடைய அந்தப் பெயர் பொருத்தமற்றதாகவே நின்றுவிட்டது. இலை உதிர்வில் பெரும்பங்கு எத்திலீன் என்னும் வேறொரு ஹார்மோனுடையது. செல்லில் இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி எது என்பது 2009இல்தான் தெளிவானது. அது வேரிலிருந்து எவ்வளவு ஏறி வருகிறது, இலையிலேயே எவ்வளவு உண்டாகிறது என்ற வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. இந்த ஹார்மோனை உண்டாக்க முடியாத தக்காளி வேரின்மேல் நல்ல தண்டை ஒட்டுக்கட்டிய சோதனைகளில், மண் காய்ந்தபோது இலைத்துளைகள் அப்போதும் மூடிக்கொண்டன. உங்கள் மகள் இத்துறைக்குள் நுழைந்தால், எல்லாம் முடிந்துபோன வீட்டுக்குள் நுழைய மாட்டாள்.

இனி வேலையின் தன்மை. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் சைலம் என்னும் நாளங்களில் உள்ள சாறு குழாய்த் தண்ணீர்போல வழிந்து வராது. வெயிலில் நிற்கும் செடியில் அது மேலிருந்து இழுபட்ட நிலையில் இருப்பதால், தண்டை வெட்டியதும் உள்ளே பின்வாங்கிவிடும். ஆகவே வெட்டிய கிளையை ஒரு எஃகு அறைக்குள் அடைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கி, உள்ளே நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். இந்த முறையை 1965இல் ஷோலாண்டர் குழுவினர் பரவலாக அறியச் செய்தனர். எந்த அழுத்தத்தில் முதல் துளி எட்டிப் பார்க்கிறதோ, அந்த அளவே செடி நீருக்காகப் பட்ட இழுபறியின் அளவு. அந்த முதல் துளிகளைத் துடைத்து எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் வெட்டுப்பட்ட செல்களின் உள்ளடக்கம் அவற்றில் கலந்திருக்கும். சாற்றை மிக மெதுவாக இறக்கினால் ஹார்மோனின் செறிவு உண்மையை விடக் கூடுதலாகத் தெரியும். செடியில் இயல்பாக ஓடும் வேகத்துக்கு நெருக்கமாக இறக்க வேண்டும். இலையில் உண்டான சர்க்கரையைச் சுமந்து செல்லும் புளோயத்தின் சாறு இன்னும் பிடிவாதமானது, வெட்டிய உடனே தன் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அசுவினிப் பூச்சி புளோயத்தில் ஊசிவாயைச் செருகி உறிஞ்சும்போது உடலை மட்டும் அறுத்துவிட்டு, அந்த ஊசிவாய் வழியே வரும் சாற்றைச் சேகரிக்கும் வழியை 1953இல் காட்டினார்கள். இதைச் சொன்னபோது உங்கள் மகள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சேகரித்த பின்னும் நிம்மதி இல்லை. நீர் குறைவில்லாத செடியின் சைலச் சாற்றில் அப்சிசிக் அமிலம் லிட்டருக்குப் பத்து நானோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் மிகச் சிறிய அலகு) இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டரில் இருப்பது ஏறத்தாழ 2.6 நானோகிராம், ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெளிச்சம் பட்டால் அப்சிசிக் அமிலத்தின் வடிவம் மாறிவிடும், எனவே பழுப்புக் குப்பியில் வைக்க வேண்டும். காயம்பட்ட சில நிமிடங்களிலேயே ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் இன்னொரு ஹார்மோன் உயரும், எனவே கத்தி வைப்பதே அளக்கவேண்டியதைக் கெடுக்கும். இலையாக இருந்தால் வெட்டிய கணமே மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவார்கள். இடையில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்கு வைக்க ஒரு அழகான உத்தி உண்டு. ஆறு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதில் ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் ஏற்றிய அதே அமிலத்தைத் தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே சாற்றில் கலந்துவிடுவார்கள். இயல்பானது, மூலக்கூறுகளை நிறை பார்த்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியில் 263 என்ற எண்ணிலும், கலந்தது 269 என்ற எண்ணிலும் தெரியும். கருவி இரண்டையும் உடைத்து முறையே 153, 159 என்ற துண்டுகளை எண்ணுகிறது. வழியில் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாவதால், அவற்றின் விகிதம் உண்மையைச் சொல்லிவிடும். நோட்டில் மூன்று முறை திரும்பச் செய்த பெண்ணுக்கு இந்த உத்தி ஏன் பிடித்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

வேலை கிடைக்குமா என்பது உங்கள் கணவரின் கேள்வி, நியாயமான கேள்வி. தாவர ஹார்மோன் மட்டுமே அளக்கும் பணியிடங்கள் குறைவு. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அவள் கையில் சேரப்போவது ஹார்மோன் பற்றிய அறிவு மட்டுமல்ல. கலங்கலான ஒரு நீர்மத்தில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் ஒன்றை நம்பகமாக அளக்கும் கைத்திறன். அதே கருவியும் அதே ஒழுங்கும்தான் காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சத்தையும், குடிநீரில் மாசையும், விளையாட்டு வீரரின் சிறுநீரில் ஊக்கமருந்தையும் தேடுகின்றன. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் பிறவி வளர்சிதைக் குறைபாடுகளைக் கண்டுபிடிப்பதும் இந்தக் கருவிதான். மருத்துவத்தின் பக்கம் அவளுக்குப் பின்வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

படிப்பு வேதியியல், உயிர்வேதியியல், தாவரவியல் ஆகிய மூன்றில் எதிலிருந்தும் தொடங்கலாம். நான் வேதியியலையே சொல்வேன், தாவர உடற்செயலியலை முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். பகுப்பாய்வு வேலைக்கு முதுநிலை பெரும்பாலும் போதும். ஆராய்ச்சியைத் தானே நடத்த விரும்பினால் முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே சேர வேண்டும், சொந்தப் பணத்தில் ஒருபோதும் கூடாது.

பணத்தைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டை அடமானம் வைக்காதீர்கள், மருத்துவத்துக்கும் சரி, நான் சொல்லும் இந்தப் படிப்புக்கும் சரி. கண்ணாடிக்குள் கருவியைக் காட்டிக் கட்டணம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. சேர்வதற்கு முன் அங்கே இறுதியாண்டு படிக்கும் மாணவரைத் தனியே பிடித்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த வருடம் அந்தக் கருவியை உன் கையால் எத்தனை மணி நேரம் ஓட்டினாய்? தெரிந்த அளவுகளை வைத்துக் கருவியைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தக் கோட்டை நீயே வரைந்தாயா, எழுதிக் கொடுத்ததைப் படியெடுத்தாயா? பதில் மழுப்பலாக இருந்தால், எளிய கட்டணத்தில் நல்ல ஆசிரியர் உள்ள சாதாரணக் கல்லூரியே மேல். குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போது ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று. பெரியப்பாவின் விருப்பத்துக்குப் பதிலாக என் விருப்பத்தை அவள் தலையில் கட்டவும் நான் ஒப்ப மாட்டேன். இந்த வேலையில் ஒரே மாதிரியான குப்பிகளை நாள் முழுக்க வரிசைப்படுத்த வேண்டும். ஒரு வாரம் உழைத்த முடிவு ஒரு அழுக்கான குழாயால் வீணாகும். அவளால் அது முடியுமா என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. அருகில் உள்ள ஏதாவதொரு பகுப்பாய்வு ஆய்வகத்தில் அனுமதி பெற்று இரண்டு முழு நாட்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வேறு வழி தேடுவோம். அவள் வாயால் வரும் வரை எந்த விண்ணப்பத்திலும் நீங்கள் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு அவளுடைய பெரியப்பாவையும் தாராளமாக அழைத்து வாருங்கள். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். மூன்றாவது முறை செய்த சோதனையில் ஐந்தாம் நாள் மாலை எடை விடுபட்டிருக்கிறது, ஏன் என்று அவளிடம் கேட்க வேண்டும்.