காய்ச்சல் போன பின்னும் போகாத களைப்பு

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஆசிரியை. வயது 38. சிக்குன்குன்யா வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. களைப்பு மட்டும் தீரவில்லை. ஒரு நாள் வீட்டைக் கழுவித் துடைத்தால், அடுத்த இரண்டு நாள்கள் எழுந்திருக்கவே முடிவதில்லை. ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருப்பதால் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள் வீட்டார். உடலில் காரணம் இருக்குமா?

பதில்: நிச்சயமாக இருக்கலாம். சிறிது உழைத்தாலும் மறுநாள் உடல் மேலும் தளர்ந்துவிடுவதே, நாள்பட்ட களைப்பு நோய்க்குறியைச் சாதாரண அசதியிலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மையான அடையாளம்.

சுரப்பிக் காய்ச்சலைத் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், கால்நடைகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல், சிக்குன்குன்யா வைரஸின் இனத்தைச் சேர்ந்த ராஸ் ரிவர் வைரஸ் ஆகியவற்றால் நோயுற்றவர்களை ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு ஆறு மாதம் கழித்தும் இந்நோய்க்குறி இருந்தது. அவர்களுடைய மனநிலையோ கிருமியின் வகையோ அல்ல, தொடக்கத்தில் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே அதைப் பெரிதும் தீர்மானித்தது. உங்கள் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கிருமி போன பின் உடலில் என்ன மாறுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நோய் எதிர்ப்புக்கான இயற்கைக் கொல்லி அணுக்களின் திறன் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. வாஸ்எஃப்-3 என்னும் புரதம் தசைகளில் மிகுந்து, செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியைத் தடுப்பதாக 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தனர். எழுந்து நிற்கும்போது மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைவதும் பலரிடம் பதிவாகியிருக்கிறது. இவற்றில் எதையும் வழக்கமான ரத்தப் பரிசோதனை காட்டாது. ஆகவே அறிக்கை சரியாக இருப்பதால் நோயே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. அதேவேளை 2009இல் ஒரு வைரஸே காரணம் என்று பரபரப்பாக வெளியான கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டதால், ஒற்றைக் காரணம் சொல்லி மருந்து விற்பவர்களை நம்ப வேண்டாம்.

தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), பி12, சர்க்கரை ஆகியவை பார்க்கப்பட்டனவா, காசநோயும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் இல்லையென உறுதியானதா என்று சரிபாருங்கள். சிக்குன்குன்யாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டு அழற்சியும் களைப்பைத் தரும். அறிக்கைகளோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குச் சென்று, படுத்த நிலையிலும் நின்று பத்து நிமிடங்கள் வரையிலும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகும் கட்டாய நடைப்பயிற்சி வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் அத்தகைய பயிற்சியை இந்நோயாளிகளுக்குத் தரக் கூடாதென்று அறிவித்துவிட்டது. வீட்டு வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, களைப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.